பாரத்துடன் மட்டும் செல்லும்

சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் டிரம் ஒன்று ஒழுகியது. அதிலிருந்துதான் உச்சரிப்பைத் திருத்தும் உச்சாரண போர்டு பிறந்தது.

ஒழுகின டிரம்மை அடைக்க ஒரு ஃபிட்டர் போதும். ஆனால் அன்றைக்குப் பார்த்து மாம்பழக் கூழ் வாங்க வந்திருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், தரையில் மஞ்சளாக ஓடிய கூழைக் காட்டி, இது யாருடைய ரெஸ்பான்ஸிபிலிட்டி என்று கேட்டுவிட்டார். மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் மேஸ்திரி ரங்கையாவைப் பார்த்தார். ரங்கையா வானத்தைப் பார்த்தார். மழை வந்தால் எல்லாவற்றையும் கழுவிவிடும் என்பது அவருடைய அனுபவம். மழை வரவில்லை. வெளிநாட்டுக்காரர் ஆர்டர் கொடுக்காமல் போய்விட்டார். ஏன் போனார் என்று மேலிடம் விசாரணை வைத்தது. தொழிலாளிகள் வாயில் அந்தச் சொல் சரியாக வராததுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. டிரம் அப்போதும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

போர்டுக்குத் திருப்பதியில் தலைமை அலுவலகம், சித்தூரில் கிளை. முதல் உத்தரவே பெரிய உத்தரவு. ரெஸ்பான்ஸிபிலிட்டி என்ற சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து, அழுத்த வேண்டிய துண்டில் அழுத்திச் சொல்லத் தெரிந்தவனுக்கு மட்டுமே இந்த மாங்காய் சீசனுக்கு கேட் கார்டு. மற்றவனுக்கு வாசலோடு சரி.

கோவர்த்தனன் அந்த ஃபேக்டரியில் ஹமாலி. கூழ் நிரம்பின டிரம்களை லாரியில் ஏற்றுகிற ஆள். புத்தூர்ப் பக்கம் ஊர். கிணறு வற்றிப்போய் நிலம் காய்ந்து கிடக்க, வருஷம் முழுக்க அடுப்பெரிவது இந்தச் சீசன் வேலையால்தான். போன சீசன் முழுக்க மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டான். ஹமாலிக் கூட்டத்துக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு சீசன் வராவிட்டால் இடத்தைக் காலியாக வைத்திருப்பார்கள், பங்காளிக்கு வைக்கிற மாதிரி. இரண்டாவது சீசனும் வராவிட்டால் அந்தத் தோளுக்கு வேறு தோள். அதற்குப் பிறகு யார் காலில் விழுந்தாலும் கிடைக்காது. ஆகையால் இந்த வருஷம் அவனுக்குச் செத்தாலும் கேட் கார்டு வேண்டும்.

பயிற்சி வகுப்பு ஃபேக்டரி ஷெட்டிலேயே நடந்தது. உச்சாரண அதிகாரி சுரேஷ்பாபு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தார். கையில் ஒரு தோத்தாபுரி மாங்காய், ஒரு கத்தி.

"சூடண்டி, எல்லாரும் பாருங்க," என்று மாங்காயை ஆறு துண்டாக வெட்டி மேஜைமேல் வரிசையாக வைத்தார். "ரி. ஸ்பான். ஸி. பி. லி. டி. ஆறு துண்டு. முதல் துண்டு முன்னொட்டு. ரெண்டாவது வேர். பாக்கி எல்லாம் பின்னொட்டு. வேர் எங்க இருக்குதோ அங்கதான் பலம். அதனால ரெண்டாவது துண்டை அழுத்தணும். ரி-ஸ்பான்! அர்த்தமாயிந்தா?"

"ஆயிந்தி சார்," என்றது கூட்டம். தெலுங்கில் கேட்ட கேள்விக்கு ஆமாம் சொல்லிவிடுவது அந்தப் பக்கத்தில் ஒரு தற்காப்பு.

சுரேஷ்பாபு கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதி முடித்துவிட்டு வந்து பார்த்தபோது மேஜைமேல் நான்கு துண்டுகள்தான் இருந்தன. வேரைக் காணவில்லை. பின்னொட்டில் ஒன்றைக் காணவில்லை.

"யாரு அது?"

கூட்டத்தில் இளையவனான சுனிலுக்கு வாய் நிறைய மாங்காய். போன மாசம்தான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அன்றிலிருந்து எதைச் செய்தாலும் சிரித்துக்கொண்டே செய்தான்.

"உப்பு இல்லாமயே துன்னுட்டான் சார்," என்று காட்டிக் கொடுத்தான் கிரண்குமார்.

பரீட்சை கிளை அலுவலகத்தில். கோவர்த்தனன் குளித்து, விபூதி வைத்து, வேட்டி கட்டிக்கொண்டு போனான். சொல்லைச் சொன்னான். ஆறு துண்டும் வந்தது. ஆனால் ஆறும் ஒரே கனத்தில் வந்தது, செங்கல் அடுக்கின மாதிரி.

"ரெண்டாவதை அழுத்து," என்றார் சுரேஷ்பாபு.

"எப்பிடி சார்?"

"அழுத்துய்யா. பலத்தைப் போடு."

பலத்தைப் போடு என்றால் கோவர்த்தனனுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். காலைப் பின்னால் ஊன்றினான், தோளைக் கொண்டுபோய் அங்கே நின்றிருந்த இரும்பு அலமாரியில் வைத்தான், மூச்சை அடக்கினான். "ரி-ஸ்பான்!" அலமாரி ஒரு முழம் நகர்ந்து சுவரில் இடித்தது. மேலே அடுக்கியிருந்த ஃபைல் கட்டுகள் அதிகாரியின் டீயில் விழுந்தன. ஆனால் அழுத்தம் இருந்ததே, அது கோயில் மணி மாதிரி விழுந்தது. பக்கத்து அறையில் இருந்த கிளார்க்குகள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"அற்புதம்! இப்போ அலமாரி இல்லாம சொல்லு."

செங்கல்.

"அலமாரியோட?"

மணி.

சுரேஷ்பாபு நியாயமான மனிதர். வந்ததை வரவில்லை என்று எழுத அவருக்கு மனசு வரவில்லை. அலமாரி இல்லாமல் வந்தது என்று எழுத விதி இடம் கொடுக்கவில்லை. யோசித்து, கோவர்த்தனன் கார்டில் சிவப்பு மையில் ஒரு முத்திரை வைத்துக் கொடுத்தார்: பாரத்துடன் மட்டும் செல்லும்.

மறுநாள் காலையில் கேட்டில் காவலாளி கன்னையா கார்டை வாங்கிப் படித்தார். ஃபேக்டரி கட்டின நாளிலிருந்து அந்தக் கேட்டில் நிற்கிறவர். நல்ல மனிதர், ஆனால் எழுதி இருந்தால் எழுதி இருந்ததுதான்.

"பாரம் எங்கடா?"

"இன்னா பாரம்?"

"கார்டு பாரத்தோடதான் செல்லும்னு போட்டுக்கீது. நீ சும்மா கைய வீசிக்கினு வர்றியே."

"யோவ், உள்ள போனாதான்யா பாரம் தூக்க முடியும்."

"அது உன் கஷ்டம். அதோ அந்தக் கல்ல தூக்கினு வா."

அன்றிலிருந்து கோவர்த்தனன் தினமும் ரோட்டோரம் கிடந்த எல்லைக்கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, கேட்டில் சொல்லைச் சொல்லி, உள்ளே போனான். சாயங்காலம் கல்லைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தான். வேலையைவிட வேலைக்கு வருவது கஷ்டமாக இருந்தது. ஊரிலிருந்து அவன் சம்சாரம் தாட்சாயணி போன் செய்தாள்.

"கார்டு குட்த்துட்டாங்களா?"

"குட்த்துட்டாங்க."

"அப்பறம் இன்னாத்துக்கு குரலு இப்பிடி கீது?"

"கல்லு தூக்கினு பேசறேன்."

"தூக்கு. இந்த வருஷம் மட்டும் எடம் போச்சுன்னு வந்து நிக்காத. பெங்களூர்ல கட்டடத்துல கொளுத்து வேலைக்கு கூட்டினு போறாங்களாம், மாமன் கேட்டுக்கினே கீறாரு. குடும்பத்தோட போயி பாலத்துக்கு அடியில படுக்கணும்."

அவன் கல்லை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

இரண்டாவது உத்தரவு இன்னும் நல்ல எண்ணத்தோடு வந்தது. தொழிலாளிகள் பயிற்சி போதாமல் இருக்கிறார்கள்; ஆகவே வேலை நேரத்தில் போடும் அர்த்தமில்லாத கூச்சல்களை நிறுத்திவிட்டு, அவற்றுக்குப் பதிலாக இந்தச் சொல்லையே சொல்ல வேண்டும்.

கூச்சல் என்றது டிரம் ஏற்றும்போது பாடும் பாட்டை. ஃபேக்டரியில் டிரம் தூக்கும் வண்டி ரிப்பேராகிப் பல காலம் ஆகிறது. லாரிக்கும் தரைக்கும் இரண்டு பலகை சாய்த்து, டிரம்மைப் படுக்கவைத்து உருட்டி ஏற்றுவார்கள். இடது பக்கம் ரங்கையாவும் கோவர்த்தனனும், வலது பக்கம் சுனிலும் கிரண்குமாரும். ரங்கையா "ஏலேலோ" என்பார். மற்றவர்கள் "ஐலசா" என்பார்கள். அந்த 'ஐ'யில் நான்கு தோளும் ஒரே மூச்சில் இறங்கும். ஒரு பக்கம் முந்தினால் டிரம் கோணிக்கொண்டு பலகையை விட்டு இறங்கும். அதனால் அந்தப் பாட்டு இல்லாமல் யாரும் ஒரு டிரம்மைத் தொட்டதில்லை.

முதலில் எல்லாரும் பயந்தார்கள். ஆனால் சொல் ஒத்துழைத்தது. ரி என்று மூச்சு வாங்கி, ஸ்பான் என்று தள்ளி, பாக்கி நான்கு துண்டில் டிரம்மைத் தாங்கி நின்று இளைப்பாறினார்கள்.

"தொரைங்க பாட்டுகூட நல்லாத்தான் கீது," என்றார் ரங்கையா. "தள்றது ஒரு துண்டு, நிக்கிறது நாலு துண்டு. சோம்பேறிப் பாட்டு."

அந்தச் சமயத்தில்தான் திருப்பதித் தலைமை அலுவலகத்தில் ஒரு கமிட்டி கூடியது. வேரில் பலம் இருந்தது உண்மைதான், ஆனால் இப்படிப்பட்ட பின்னொட்டு வந்து ஒட்டினால் பலம் வேரை விட்டு நகர்ந்து நான்காவது துண்டுக்குப் போய்விடும் என்று கமிட்டி கண்டுபிடித்தது. இனி அழுத்தம் 'பி'யில். ரிஸ்பான்ஸி-பி! ஏற்கெனவே கார்டு வாங்கினவர்கள் சீசன் முடியும்வரை பழைய இடத்திலேயே அழுத்த வேண்டும், ஏனென்றால் அவர்கள் கார்டு அதற்குத்தான். புதிதாக வாங்குகிறவர்கள் புதிய இடத்தில்.

ரங்கையாவும் கோவர்த்தனனும் பழைய கார்டு. முதல் பரீட்சையில் தவறி, அதுவரை தற்காலிகச் சீட்டில் வேலை செய்துகொண்டு மறுபரீட்சைக்குக் காத்திருந்த சுனிலும் கிரண்குமாரும் புதுக் கார்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

இடது பக்கம் ஸ்பான். வலது பக்கம் பி.

முதல் டிரம்மே கோணியது. தெய்வாதீனமாகப் பலகையின் கீழ்ப்பக்கத்தில் கோணியதால் மண்ணில் விழுந்தது. நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏலேலோ போட்டுடலாம் மாமா," என்றான் சுனில்.

"மெதுவா சொல்றா." ரங்கையா கேட்டைப் பார்த்தார். "பாட்டுப் போட்டா கார்டு கேன்சலுன்னு கன்னையா படிச்சுக் காட்டனான். ஆறு துண்டா படிச்சான்."

மறுநாள் கோவர்த்தனன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பாகாலா வழியாகப் போகும் ரயிலில் திருப்பதிக்குக் கிளம்பினான். தலைமை அலுவலகத்துப் பெரிய மேடத்திடம் முறையிடும்போது சொல் தடுமாறக் கூடாது என்று வழியெல்லாம் பழகினான். பழகுவதற்குத் தோள் வேண்டுமே. பெட்டிச் சுவரில் தோளைக் கொடுத்து, "ரி-ஸ்பான்! ரி-ஸ்பான்!" என்று தள்ளினான். எதிரில் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"நைனா, முன்னால எஞ்சின் கீது. நீ தள்ள வேணாம், உக்காரு."

தலைமை அலுவலகத்தில் இயக்குநர் வரலட்சுமி அவனை உட்காரவைத்துத்தான் பேசினார். சுவர் முழுக்க ஒரு மரத்தின் படம். வேர், அடிமரம், கிளை, எல்லாவற்றிலும் அந்தச் சொல்லின் துண்டுகள் தொங்கின. பழம் மட்டும் இல்லை.

"மேடம், ரெண்டு பேரு முன்ன தள்ளி ரெண்டு பேரு பின்ன தள்ளினா டிரம்மு நிக்காது மேடம். எவன் காலையாவது எடுத்துடும்."

"வெரி குட்!" என்றார் அவர், உண்மையான சந்தோஷத்தோடு. "பாத்தீங்களா, அழுத்தம் ஒரு நிஜமான சக்தின்னு நான் கமிட்டியில சொன்னப்போ யாரும் நம்பல. நீங்க தோள்ல உணர்ந்திருக்கீங்க. இதை நான் எழுதிக்கலாமா?"

"எழுதிக்கோங்க மேடம். எங்களுக்கு ஒரே எடத்துல அழுத்த உத்தரவு குடுங்க."

"அது இடைக்காலம்ப்பா. இடைக்காலத்தில ரெண்டும் சரி. ஒருத்தர் உச்சாரணத்தை ஒருத்தர் மதிக்கப் பழகணும்."

"டிரம்மு மதிக்காது மேடம்."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு.

"அப்போ எங்க பழைய பாட்டாவது போட்டுக்கறோம். ஏலேலோ ஐலசா."

"ஏலேலோவுக்கு வேர் என்ன?"

"தெரியாது மேடம்."

"முன்னொட்டு? பின்னொட்டு?"

"எங்க நைனா போட்டாரு, அவுரு நைனா போட்டாரு."

"வேரும் தெரியாது, ஒட்டும் தெரியாது. அப்போ அது சொல்லே இல்லையேப்பா. சொல்லே இல்லாததுக்கு நான் எப்படி அனுமதி குடுப்பேன்?"

கோவர்த்தனன் எழுந்து நின்றான். கடைசியாகக் கேட்டான்: "டிரம்மு உழுந்தா யாரு மேடம் பொறுப்பு?"

வரலட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்கதான் நீங்க எல்லாரும் தப்புப் பண்றீங்க. பொறுப்பு எங்க பாடத்திட்டத்தில இல்ல. அதோட உச்சாரணம்தான் எங்க பாடத்திட்டம். எங்க போர்டில எல்லா முடிவும் கமிட்டி எடுக்குது. இந்த ஆள்தான் எடுத்தார்னு ஒருத்தரைக்கூட நீங்க காட்ட முடியாது. அதுதான் எங்க பலம்."

வெளியே வந்தபோது, கீழே உட்கார்ந்திருந்த பியூன் நுழைவு டோக்கனைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அவனைச் சொல்லைச் சொல்லச் சொன்னான். வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமாம். கோவர்த்தனன் தூணில் தோளைக் கொடுத்துச் சொன்னான்.

இரண்டு நாள் கழித்து சுரேஷ்பாபு ஆய்வுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. வேலை செய்துகொண்டே சொல்வதைப் போனில் படமெடுத்துத் திருப்பதிக்கு அனுப்பப் போகிறாராம். யார் கார்டுக்கு ஏற்ற இடத்தில் அழுத்தவில்லையோ அவன் அன்றைக்கே வெளியே.

நான்கு பேரும் டிரம்களின் பின்னால் குந்தி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"வாய் வேற, தோள் வேற," என்றார் ரங்கையா. "வாயால அவனவன் கார்டு சொல்ற எடத்துல அழுத்து. தோள் மட்டும் எல்லாரும் 'பி'யில போடலாம். போன்ல அவுங்க கேக்கறது குரலத்தான், தோள எவன் பாப்பான். இன்னா சொல்ற சுனிலு?"

"செய்லாம் மாமா."

"கிரணு?"

"எனக்கு வாயும் தோளும் ஒரே எடம்தான். எனக்கு கஷ்டமில்ல."

"கோவர்த்தனா?"

கோவர்த்தனன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயும் தோளும் வேறு வேறு என்று அவனுக்கு இதுவரை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தள்ளாமல் அழுத்தினால் செங்கல்தான் வரும். செங்கல் வந்தால் கார்டு போகும். கார்டு போனால் இடம் போகும்.

"செய்றேன் மாமா," என்றான்.

ராத்திரி கேட்டுக்கு வெளியே ஹமாலிகள் தங்கும் ஷெட்டில் படுத்துக்கொண்டு கையைக் காலைக் கட்டிப்போட்ட மாதிரி அசையாமல் வைத்து, "ஸ்பான்" என்று சொல்லிப் பார்த்தான். செங்கல். மறுபடி சொன்னான். செங்கல். "இன்னாண்ணா, ஜன்னி வந்துட்ச்சா?" என்று கேட்டுவிட்டுச் சுனில் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

காலையில் சுரேஷ்பாபு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகைக்கு எதிரே நின்றார். பக்கத்தில் மேனேஜர், சூப்பர்வைசர். வெயிலில் டிரம் கொதித்தது. நான்கு பேரும் டிரம்மைப் பலகைமேல் ஏற்றி, பாதி தூரம்வரை கொண்டுபோனார்கள். அதுவரை முணுமுணுப்புதான். ஆனால் மூன்று முறை நன்றாக வந்தது. வாயில் முன்னே பின்னே வந்தாலும் தோள் நான்கும் 'பி'யில் இறங்கியது.

"கோவர்த்தனன் குரல் கேக்கல!" என்று கத்தினார் சுரேஷ்பாபு. "கார்டில சிவப்பு முத்திரை வெச்சிருக்கு. இப்போ பாரம் இருக்குது இல்ல? அழுத்து! இல்லேன்னா நான் தவறினதாப் போட்டுடுவேன்."

கோவர்த்தனனுக்கு எதிர்ப் பக்கம் சுனிலின் தலை மட்டும் தெரிந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ரி..." என்றார் ரங்கையா.

"ஸ்பான்!"

மணி மாதிரி விழுந்தது. தோளும் கூடவே இறங்கியது. அவன் தோளைப் பிடித்து நிறுத்தத்தான் பார்த்தான். ஆனால் இருபது வருஷமாகக் குரல் கேட்டு இறங்கிய தோள், யாரைக் கேட்டு நிற்கும்? இடது பக்கம் ஒரு சாண் முந்தியது. டிரம் கோணியது. வலது பலகையின் விளிம்பைத் தாண்டி, சுனிலின் கால்மேல், முழங்காலுக்குக் கீழே, இறங்கி அங்கேயே நின்றது. கிரண்குமார் குதித்துத் தப்பிவிட்டான்.

சுனில் கத்தின கத்தலில் துண்டு இல்லை, பிரிவு இல்லை. எல்லாம் ஒரே அழுத்தம்.

ஓடி வந்தவர்களும் சேர்ந்து டிரம்மைப் புரட்டினார்கள். அப்போது யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, ஏலேலோ என்று ஒரு குரல் கேட்டது. ஒரே மூச்சில் டிரம் எழுந்துவிட்டது. மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் ரங்கையாவைப் பார்த்தார். சுரேஷ்பாபு போனைப் பார்த்தார்.

"ஸ்பான் ரொம்ப சுத்தமா வந்திருக்கு," என்றார். "கடைசியில மட்டும் கூச்சல்."

ஃபேக்டரி வண்டி சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. கோவர்த்தனன் குனிந்து சுனிலை முதுகில் ஏற்றிக்கொண்டான். கால் தொங்கிய விதத்தைப் பார்க்காமல் இருக்க நேரே பார்த்து ஓடினான். காதோரம் சுனிலின் மூச்சு சுட்டது.

"அண்ணா... என் எடம் போயிடுமாண்ணா?"

"போவாதுடா. ஒரு சீசனு உடுவாங்க. எனக்கு உட்டாங்க இல்ல?"

"ஒரு சீசனுக்குள்ள சரியாயிடுமா?"

"ஆயிடும். பேசாத."

கேட்டில் குறுக்குக் கம்பி இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ நின்றது.

"கம்பியத் தூக்கு கன்னையா!"

கன்னையா கம்பியில் கை வைத்தார். ஆனால் கம்பி அசையவில்லை. "இன்னைக்கு ஆய்வுடா. வெளிய போறதுக்கும் சொல்லணும்னு காலைல உத்தரவு போட்டாங்க. சீக்கிரம் சொல்லிடு சாமி, தூக்கிடறேன்."

கோவர்த்தனன் வாயைத் திறந்தான். எந்த இடத்தில் அழுத்துவது என்று அவன் யோசிக்கவில்லை. முதுகில் சுனில் நழுவினான். அவனை ஒரு எக்கு எக்கி மேலே தூக்கியபோது சொல் தானாக வந்தது. ஆறு துண்டும் தனித்தனியாக, நான்காவதில் கனமாக.

பின்னால் ஓடி வந்த சுரேஷ்பாபு மூச்சிரைக்க நின்றுவிட்டார்.

"சபாஷ்! பி! பி-யில வந்துடுச்சு! பழைய கார்டு ஆள், தானாப் புதுசுக்கு மாறியிருக்கான்! திருப்பதியில நம்ப மாட்டாங்க. இரு, இரு, போன் ஆன் பண்ணல. இன்னொரு தடவை சொல்லு."

கம்பி இன்னும் கீழேதான் இருந்தது.

கோவர்த்தனன் இன்னொரு தடவை சொன்னான்.

கம்பி எழுந்தது. சுனிலை ஆட்டோவில் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்தான். ஆட்டோ நகர்ந்தபோது கன்னையா கூடவே நாலு எட்டு ஓடி வந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. கையில் கோவர்த்தனனின் கார்டு. ஓடிய ஓட்டத்தில் கீழே விழுந்திருக்கிறது. அதை உள்ளே போட்டுவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல், நல்லது சொல்கிற குரலில் சொன்னார்:

"திரும்பி வரப்போ எதையாவது தூக்கினு வாடா கோவர்த்தனா. வெறுங்கையோட வந்தா உள்ள உட மாட்டாங்க."